பெரிய மேசையில் போக்கர்: பேர் எடுப்பதும் அதைச் செலவழிப்பதும்

என் பெரியப்பா மாட்டுத் தரகர். சின்ன வயதில் அவர் கூடச் சந்தைக்குப் போனால் எனக்குப் பெரிய வேடிக்கை அந்தத் துண்டுதான். விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி இருபது பேர் நின்றாலும் என்ன விலை ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதுதான் அந்தத் தொழிலின் ரகசியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெரியப்பா வாய் ஓயாமல் சிரித்துப் பேசுகிறவர். அவருக்குச் சந்தையில் ஒரு பேர் இருந்தது. பல்லைப் பார்க்காமல் மாட்டைப் பிடிக்க மாட்டார், ஒரு விலை சொன்னால் அதிலிருந்து இறங்க மாட்டார். வருஷம் முழுக்க அப்படியே நடந்துகொண்டதால், அந்த அளவுக்குப் பெறாத மாட்டுக்கும் வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை அவர் சொன்ன விலை நின்றது.

போக்கரில் டேபிள் இமேஜ் என்கிறார்களே, அது இந்தப் பேர்தான். கறுப்புக் கண்ணாடிக்கும் உறைந்த முகத்துக்கும் அதில் பங்கு ரொம்பக் கொஞ்சம். நீங்கள் காட்டிய சீட்டுகளை வைத்து மற்றவர்கள் மனதில் எழுதிக்கொண்ட கணக்குதான் அது. டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடத் தெரிந்து, சின்ன மேசையில் கொஞ்சம் பழகி, பெரிய பந்தய மேசையில் உட்கார நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கை எதை ஜெயிக்கும் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

முதலில், எங்கே ஆடுவது

மதுரையில் பணம் வைத்து ஆட இடம் தேடாதீர்கள். யார் வீட்டு மாடியிலோ லாட்ஜிலோ பணத்தை வைத்து உட்கார்ந்தால் போலீஸ் வந்து நிற்கும், அதற்குமேல் பாதுகாப்பும் கிடையாது. ஆன்லைன் பக்கமும் கதவு மூடிவிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று ஏற்றுக்கொண்டதைப் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் கூடாது என்று சொல்லிவிட்டது. செயலியில் ஆடலாம் என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு மிச்சம் இருப்பது கோவா. பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களை எல்லோருக்கும் தெரியும். அனுமதி பெற்ற இடத்தில், டீலர் சீட்டுப் போட, கேமரா பார்க்க ஆடுவது தனி நிம்மதி. ஒன்றை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு வருமான வரி நேராக 30 சதவீதம், அதற்குமேல் செஸ். தோற்றதை அதில் கழித்துக்காட்ட முடியாது. ஒவ்வொரு பாட்டிலிருந்தும், அதாவது மேசை நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து, கேசினோ எடுக்கும் கமிஷன் தனி. இது எல்லாம் போகத்தான் உங்கள் லாபம்.

அடுத்து, பணம்

தைரியம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. பிளைண்டு என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சின்ன, பெரிய பந்தயம். 500-1,000 பிளைண்டு மேசையில் நூறு பெரிய பிளைண்டோடு உட்கார்ந்தால் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சம் மட்டும் கையில் இருந்தால் நீங்கள் அந்த மேசைக்குத் தயாராகவில்லை. ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய பணம் இருபதிலிருந்து முப்பது பை-இன் (ஒரு தடவை மேசையில் உட்காரக் கொண்டுபோகும் பணம்) வரை இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் வைத்திருக்கும் பொது அளவு. அதாவது இருபது லட்சத்துக்குக் குறையாமல், வீட்டுக்கோ கடைக்கோ சம்பந்தமில்லாமல். அவ்வளவு இல்லை என்றால் 100-200 மேசை இருக்கிறது, அங்கே பை-இன் இருபதாயிரம்தான். நகை வைத்தோ, சீட்டுப் பணம் எடுத்தோ, வட்டிக்கு வாங்கியோ ஆடப் போகிறவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம். ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.

நான் இதைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். கீழமாசி வீதியில் எனக்குப் பலசரக்கு மொத்த வியாபாரம். முதல் தடவை பெரிய மேசையில் உட்கார்ந்தபோது என் முன்னால் இருந்த சிப்ஸில் பாதி, திங்கட்கிழமை வரவேண்டிய பருப்பு லோடுக்கான பணம். ஒரு கையில் எனக்கு ராணி ஜோடி. தரையில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்த சீட்டுகளில், 9, 6, 2. எதிரில் இருந்தவர் பாட்டைப்போல இரண்டு மடங்கு தள்ளினார். கால் போட வேண்டிய இடம், அதாவது அவர் வைத்த தொகையை நானும் வைத்துத் தொடர வேண்டிய இடம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் கண்ணில் லாரிதான் நின்றது. சிப்ஸை ஒரு தடவை எண்ணினேன், இன்னொரு தடவை எண்ணினேன், தண்ணீர் குடித்தேன், சீட்டைக் கீழே போட்டு விட்டுக்கொடுத்துவிட்டேன். அவர் எதையும் காட்டவில்லை, காட்டத் தேவையும் இல்லை. அந்தக் கையிலிருந்து விடியும் வரை நான் பத்து ரூபாய் வைத்தால் அவர் முப்பதாக ஏற்றினார், அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் ஆரம்பித்தார். அந்த இரண்டாவது எண்ணலில் எனக்குப் பேர் விழுந்துவிட்டது.

கணக்கு மனதில் ஓட வேண்டும்

யோசித்துக் கண்டுபிடிக்கிற அளவில் கணக்கு இருந்தால் முகம் காட்டிக்கொடுக்கும். சந்தையில் வட்டிக் கணக்கு மாதிரி சட்டென்று வர வேண்டும். பாட்டின் பாதியை ப்ளஃபாக, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல, வைத்தால் மூன்றில் ஒரு தடவை எதிராளி விட்டால் போதும், கைநஷ்டம் இல்லை. முழு பாட்டை வைத்தால் இரண்டில் ஒரு தடவை விட வேண்டும். எதிராளி முழு பாட் வைக்கிறார், நீங்கள் கால் போட வேண்டும் என்றால், மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கிற கை போதும். பாதி வைத்தால் நான்கில் ஒரு தடவை. உங்கள் சீட்டும் ஃப்ளாப்பும் (முதல் மூன்று பொதுச் சீட்டு) சேர்ந்து ஒரே ஜாதிச் சீட்டு நான்கு ஆகிவிட்டால், ரிவருக்குள் (கடைசிப் பொதுச் சீட்டு) ஐந்தாவது வருவது நூற்றுக்கு 35 தடவை. அடுத்த ஒரே சீட்டில் வருவது ஐந்தில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் குறைவு.

பேர் விஷயத்துக்கு இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. நேரில் ஆடும் மேசையில் மணிக்கு இருபத்தைந்து, முப்பது கைதான் ஓடும். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இருநூறு, இருநூற்று நாற்பது. ஏஸ் ஜோடி வருவது 221 கைக்கு ஒரு தடவை. அதாவது ஒரு ராத்திரிக்கு ஒன்று வந்தால் உண்டு. அந்த இருநூறில் உங்கள் சீட்டு கடைசி வரை போய் எல்லோருக்கும் முன்னால் திறக்கப்படுவது எட்டோ பத்தோ தடவைதான். மேசைக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே. அதில் இரண்டு ப்ளஃபாக இருந்துவிட்டால் நீங்கள் அன்றைக்குப் பொய்யர். இரண்டும் ராஜா ஜோடியாக இருந்துவிட்டால் சத்தியவான். உண்மையில் நீங்கள் யார் என்பதை அந்த மேசை ஒரு ராத்திரியில் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

மேசையில் கை எப்படிப் போக வேண்டும்

உங்கள் முறை வரும் வரை சீட்டைப் பார்க்காதீர்கள். முறை வந்ததும் பாருங்கள், மேலே ஒரு சிப்பை வையுங்கள், மனதுக்குள் நாலு எண்ணுங்கள், அப்புறம் பேசுங்கள். குப்பைச் சீட்டுக்கும் நாலு, ஏஸ் ஜோடிக்கும் நாலு. புதிதாக வந்தவர் நல்ல சீட்டுக்கு நிமிர்ந்து உட்கார்வதையும், மோசமான சீட்டை எறிய முறைக்கு முன்பே விரல் துடிப்பதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கினால் ப்ளஃப் என்று பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் உல்டாதான்: பெரிய கை வந்த படபடப்பில்தான் விரல் ஆடும்.

தொகையை முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் சிப்ஸைத் தள்ளுங்கள். சொன்ன சொல் மேசையில் செல்லும். சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் ரைஸ் (பந்தயத்தை ஏற்றுவது) ஆகாது, கால் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் வைத்து, திரும்பக் கையை இழுத்து, இன்னும் கொஞ்சம் வைப்பதும் செல்லாது. இந்தச் சின்ன விதிகளில் தடுமாறி டீலரிடம் திருத்தம் வாங்கிக்கொண்டால், அடுத்து நீங்கள் வைக்கிற பெரிய பந்தயத்தையும் யாரும் மதிக்க மாட்டார்கள். புது மேசையில் தைரியமாகத் தெரிவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

உட்காரும் முன்பே ஒரு பேர் இருக்கும்

நான் வேட்டியில்தான் போவேன். வயது ஐம்பதுக்கு மேல், இந்தி தட்டித் தடவித்தான் வரும். உட்கார்ந்த அடுத்த நிமிஷமே மேசை எனக்கு ஒரு பேர் வைத்துவிடும்: கெட்டி ஆள், நல்ல சீட்டு இல்லாமல் வைக்க மாட்டார். நான் ஒரு கைகூட ஆடியிருக்க மாட்டேன். இருபத்துமூன்று வயதுப் பையன் ஹெட்போனோடு உட்கார்ந்தால் அவனுக்கு எதிர்ப் பேர் விழும். இந்த முதல் பேரை மாற்ற அவசரப்படாதீர்கள். இலவசமாகக் கிடைத்தது அது. முதல் ஒரு மணி நேரம் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்: யார் எல்லாவற்றுக்கும் கால் போடுகிறார், யார் அழுத்தினால் விடுகிறார், யார் போனையே பார்க்கிறார்.

போன் பார்ப்பவரை ஏன் கவனிக்கச் சொல்கிறேன் என்றால், பேர் என்பது ஆளுக்கு ஆள் வேறு. நீங்கள் பத்து மணிக்குப் பிடிபட்ட ப்ளஃப், பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்தவருக்குத் தெரியாது. அப்போது வாட்சப்பில் இருந்தவருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை உங்கள் சீட்டு திறக்கப்படும்போதும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன சீட்டு, எந்த இடத்தில் உட்கார்ந்து வைத்தேன், யார் கண் மேசையில் இருந்தது. நான் கடைப் பேரேட்டை மனதில் வைப்பது போல வைத்துக்கொள்வேன். முடியாதவர்கள் பாத்ரூம் போகும்போது போனில் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவழிப்பது

பேர் சேர்ப்பதற்கு யாரும் கோவா வரை போவதில்லை. சேர்த்ததை எங்கே செலவழிப்பது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

கெட்டி என்று பேர் இருந்தால் ப்ளஃப் விலை போகும். ஆனால் யோசித்து ஆடுபவரிடம் மட்டும். எதற்கும் கால் போடுபவருக்கு உங்கள் பேரும் தெரியாது, தரையில் இருக்கும் சீட்டும் தெரியாது. அவருக்குத் தன் ஜோடிதான் தெரியும். அப்புறம், அந்தக் கை ஆரம்பத்திலிருந்தே நீங்கள் வைத்த விதம், இல்லாத நல்ல சீட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒரு கையை அப்படியே சொல்கிறேன். அதே 500-1,000 மேசை, இந்தத் தடவை என் சொந்த ஆட்டப் பணம். மூன்று மணி நேரத்தில் நான் திறந்து காட்டியது இரண்டே கை: ஒன்று ஏஸ்-ராஜா, இன்னொன்று 10-10 ஜோடி. எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டிய இடத்திலிருந்து ஏஸ்-5, இரண்டும் கிளாவர், 3,000 வைத்தேன். பட்டனில் (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியாகப் பேசும் இடம்) இருந்த ஹெட்போன் பையன் மட்டும் கால். பாட் 7,500. ஃப்ளாப் ராஜா, 8, 3, மூன்றும் மூன்று ஜாதி, கிளாவர் கிடையாது. எனக்கு ஒன்றும் இல்லை. 2,500 வைத்தேன், கால். பாட் 12,500. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) ராணி. 9,000 வைத்தேன், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கால். பாட் 30,500. ரிவரில் ஒரு 2 விழுந்தது.

இப்போது அவன் இடத்தில் இருந்து பாருங்கள். கெட்டி ஆள் முதல் இடத்திலிருந்து ஆரம்பித்து, மூன்று தடவையும் நிறுத்தாமல் வைக்கிறார் என்றால் ஏஸ்-ராஜா, ராஜா-ராணி, ஏஸ் ஜோடி, இப்படித்தானே இருக்க முடியும்? என் கையில் ஏஸ் இருப்பதால் அவனிடம் ஏஸ்-ராஜா இருக்கும் வாய்ப்பும் குறைவு. 25,000 என்று சொல்லித் தள்ளினேன். நூற்றுக்கு 45 தடவை அவன் விட்டால் எனக்குப் போதும். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான். நான் என் சிப்ஸ் அடுக்கில் மேலே இருந்த சிப்பின் ஓரத்தில் தேய்ந்துபோயிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். ராஜா-ஜாக்கியைத் திறந்து காட்டிவிட்டு விட்டான். என் சீட்டைக் கவிழ்த்தபடியே டீலரிடம் கொடுத்தேன். காட்டு, காட்டு என்று மேசையே கேட்டது. காட்டியிருந்தால் ஒரு நிமிஷச் சந்தோஷம், மூன்று மணி நேரச் சேமிப்பு காலி. காட்டாததால் அந்தப் பேர் அப்படியே என்னிடம் இருந்தது.

தாராளமாக வைக்கிறவர், பொய் வைக்கிறவர் என்று பேர் விழுந்துவிட்டால் செலவழிக்கும் விதம் தலைகீழ். அன்றைக்கு ப்ளஃபை மறந்துவிடுங்கள். நடுத்தரமான கைக்கும் தைரியமாக வையுங்கள், நல்ல கைக்கு வழக்கத்தைவிடக் கூட்டி வையுங்கள். கால் போட ஆள் இருப்பார்கள். பிடிபட்டவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வெட்கத்தில் இரண்டு மணி நேரம் ஒன்றும் ஆடாமல் உட்கார்ந்து, கெட்ட பேரால் வர வேண்டிய வரவையும் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் போன மானத்தை மீட்க உடனே இன்னொரு ப்ளஃப் போடுவார்கள்.

உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். கடைசியில் எதிரெதிரே உட்கார்ந்தது டென்னசியிலிருந்து வந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கரும், பெரிய மேசைகளில் பழுத்த சாம் ஃபர்ஹாவும். மனிமேக்கர் ஆன்லைன் தகுதிச் சுற்றில் சின்னக் கட்டணம் கட்டி உள்ளே வந்தவர். ஒரு கையில் அவரிடம் ராஜா-7, ஃபர்ஹாவிடம் ராணி-9. தரையில் 9, 2, 6, 8, 3. அதில் மூன்று இஸ்பேடு. மனிமேக்கருக்கு வரிசையும் சேரவில்லை, ஜாதியும் சேரவில்லை. கையில் வெறும் ராஜா. இருந்த சிப்ஸ் எல்லாவற்றையும் தள்ளினார். ஃபர்ஹா தரையில் இருந்த பெரிய சீட்டான 9-இல் ஜோடி வைத்துக்கொண்டும் விட்டுக்கொடுத்தார். அதன்பின் மனிமேக்கர் ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கினார். வேலையை விட்டு வராத ஒரு கணக்காளர், வாழ்நாளில் ஒரே தடவை கிடைக்கும் இடத்தில், ஒன்றும் இல்லாமல் மொத்தத்தையும் தள்ளுவார் என்று எதிராளிக்குத் தோன்றுவது கஷ்டம். தரையில் வரிசைக்கும் ஜாதிக்கும் இடம் இருந்தது, அது கதைக்குச் சாட்சி சொன்னது. பேரும் சாட்சியும் சேர்ந்து நின்ற இடம் அது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

சூடு ஏறினால்

ஏஸ் ஜோடி ராஜா ஜோடியிடம் நூற்றில் பதினெட்டு தடவை தோற்கும். அந்தப் பதினெட்டு உங்கள் மேல் விழும் ராத்திரி கட்டாயம் வரும். இரண்டு பை-இன் போனால் எழுந்துவிடுவது என்று மதுரையிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள், அங்கே போய் முடிவு செய்யாதீர்கள். அதற்குள் காது சூடானால் ஒரு சுற்று வெளியே போய்க் கப்பல் தளத்தில் நின்று டீ குடித்துவிட்டு வாருங்கள். பெரிய கையில் தோற்றவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மேசை அவரைச் சூடானவர் என்றே பார்க்கும். நீங்கள் உண்மையிலேயே ஆறி வந்திருந்தால் அடுத்த நல்ல கைக்கு இரட்டிப்பு வரவு. ஆறாமல் வந்திருந்தால் அவர்கள் நினைத்ததுதான் சரி.

மதுரையில் பழகுவது

வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் ஐந்து பேர் உட்காருவோம். பிளாஸ்டிக் சிப்ஸ், பணம் கிடையாது. தோற்றவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டீ போட வேண்டும், அவ்வளவுதான். பணம் இல்லாமல் ப்ளஃப் பழக முடியாது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பேரைப் பழகலாம். இரண்டு மணி நேரம் ஆடி முடித்ததும் ஆளுக்கு நாலு துண்டுக் காகிதம் எடுத்து, மற்ற ஒவ்வொருவரையும் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுப்போம். எழுதுவதற்கு முன்னால், மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று ஒவ்வொருவரும் தனியாக ஒரு வரி எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இரண்டையும் ஒப்பிடுவோம்.

மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி முதல் மாதம் தன்னைப் பற்றி "பயங்கரமாக ப்ளஃப் பண்ணுவான்" என்று எழுதி மடித்து வைத்திருந்தான். நாலு காகிதத்திலும் "நல்ல சீட்டுக்குத்தான் வைப்பான்" என்று இருந்தது. காலையில் மல்லிகை ஏலத்தில் அத்தனை பேரை ஆழம் பார்க்கிறவன், தன்னை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தான். அடுத்த வெள்ளிக்கிழமையே ரிவரில் இரண்டு தடவை ஒன்றுமில்லாமல் வைத்து எங்கள் எல்லோரையும் விட வைத்தான்.

போன வாரம் எனக்கு வந்த நாலு காகிதத்தில் மூன்றில் ஒரே விஷயம்தான்: "அண்ணன் ரிவரில் பெரிசாக வைத்தால் ரெண்டு ஜோடிக்குக் குறையாது." அந்த மூன்று காகிதங்களும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. இந்த வெள்ளிக்கிழமை அவர்கள் மூவரும் எனக்கு வலது பக்கம் இருந்து எனக்கு முன்னால் பேசுகிற மாதிரி இடம் பிடிக்க வேண்டும்.